நான் நின்ற கடையில் நானே சாறி வாங்கினேன்

கடையின் பெயரை எழுதப்போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரத்துக்குள் மூன்று மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, கதவைத் திறந்தால் ஏசிக் காற்று முகத்தில் வந்து அடிக்கும், உடுப்பிலிருந்து சட்டி பானை வரைக்கும் எல்லாம் ஒரே இடத்தில். இவ்வளவு போதும். 2010 நடுப்பகுதியில் இருந்து 2014 முடியும்வரை அந்தக் கடையின் சாறிப் பகுதியில் நின்றேன். எங்கள் ஊரில் கடை வேலையை யாரும் 'செய்வதில்லை', 'நிற்பார்கள்'. "எங்க மனே நிக்கிறாய்?" என்று கேட்பார்கள், "துணிக்கடையில நிக்கிறன்" என்று சொல்வோம். அந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

போன சனிக்கிழமை, பதினொரு வருடத்துக்குப் பிறகு, காசு கொடுத்து வாங்குகிற ஆளாக அங்கே போனேன். இத்தனை நாள் போகாததற்குக் கோபம் ஒன்றும் காரணமில்லை. கல்யாணம், பிள்ளைகள், வீட்டிலேயே தையல் வேலை, அவசரத்துக்குக் காத்தான்குடியிலோ கல்முனையிலோ எடுத்துக்கொள்வது என்று நாள் போய்விட்டது. இந்த முறை தங்கச்சியின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. பெரியம்மா வெறுங்கையோடு போகமுடியாது. பிள்ளைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று, மிஞ்சினால் எனக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு 45,000 ரூபாவோடு கிளம்பினேன்.

வாசலில் பையை வாங்கி டோக்கன் தரும் முறை அப்படியே இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஆண்களின் உடுப்பு, சாரம், சேட்டு, களிசான். முன்பு அங்கே சிறுவர் உடுப்பும் இருந்தது, இப்போது அதை மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கைப்பிள்ளையோடு வருகிறவளை மூன்று மாடி ஏற்றுவது யாருடைய மூளையில் உதித்ததோ தெரியாது. லிஃப்ட் இருக்கிறதுதான், நான் போன நேரம் அதற்குள் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபிட்-ஒன் அறைகள் நன்றாக மாறியிருக்கின்றன. கதவு பூட்டுகிறது, உடுப்பு மாட்ட ஆணி இருக்கிறது, வெளிச்சமும் போதும். எங்கள் காலத்தில் ஒரு திரைச்சீலைதான், அதையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே சட்டை மாற்ற வேண்டும்.

விலைத் துண்டுகளில் இப்போது பார்கோடு. எனக்கு அது கொஞ்சம் வெறிச்சென்று இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு துண்டிலும் விற்கும் விலைக்குக் கீழே சின்னதாக மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும். பத்து வெவ்வேறு எழுத்துள்ள ஒரு சொல்லை முதலாளி வைத்திருப்பார், முதல் எழுத்து 1, அடுத்தது 2, கடைசி எழுத்து சைபர். அந்த எழுத்துகளை வாசித்தால் கொள்விலை தெரியும், எதுவரைக்கும் இறங்கலாம் என்று நமக்கு விளங்கிவிடும், முன்னால் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அந்தச் சொல்லை மனப்பாடம் செய்யத்தான் எனக்கு முதல் இரண்டு நாளும் போனது. இன்றைக்கும் மறக்கவில்லை, இங்கே எழுதவும் மாட்டேன். இப்போது பேரம் கிடையாது. எனக்குப் பக்கத்தில் நின்ற, படுவான்கரையிலிருந்து, அதாவது வாவியின் மேற்குக் கரை ஊர்களிலிருந்து, வந்த ஒரு அம்மா வழமைபோல "கடைசியா என்ன விலகா?" என்று கேட்டார். "பில்லில விழுறதுதான் அம்மா" என்று அந்தப் பிள்ளை சொன்னது. அம்மாவுக்கு அந்தப் பதிலில் திருப்தியில்லை, சாறியை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கால்மணி நேரம் இருந்தார்.

சாறிப் பகுதி முதலாம் மாடியில்தான் இன்னும். தெரிவு நிறைய இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. இந்தியப் பட்டு, சில்க் கொட்டன், ஜோர்ஜெட், கல்லு வைத்தது, வைக்காதது. ஆனால் வெளிச்சம்! எல்லா இடமும் மஞ்சள் லைட் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் மயில்கழுத்துப் பச்சையும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும், அரக்கு கறுப்பாகத் தெரியும். நான் நின்ற காலத்தில் கெட்டிக்காரக் கிழவிகள் சாறியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள், பின்னால் நாங்கள் ஓடுவோம். நானும் இந்த முறை அதையே செய்தேன். செக்கியூரிட்டி தம்பி மறித்தான், "சாறியப் பாக்கத்தான் போறன், கொண்டுபோக இல்ல" என்றேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டான். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். கூறைச்சாறி எடுக்கிறவர்கள் கட்டாயம் கேளுங்கள், மண்டபத்தில் வேறு நிறமாகத் தெரிந்தபிறகு அழுது பயனில்லை.

பட்டு என்று சொல்லித் தருவது பட்டுத்தானா என்று பார்க்க, முந்தானைக் கரையில் தொங்கும் நூலில் ஒன்றை உருவிக் கொளுத்திப் பார்க்க வேண்டும். தலைமயிர் கருகும் மணம் வந்து, விரலால் தொட்டதும் சாம்பலாக உதிர்ந்தால் பட்டு. உருகிக் கட்டியாக நின்றால் அது பிளாஸ்டிக்கின் தம்பி. கடைக்குள் நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள், ஆகவே ஒரு நூலை மட்டும் கேட்டு வாங்கி வெளியே வந்து பாருங்கள். தர மறுத்தால் அதுவே பதில்தான். நான் எடுத்த ஒன்றில் சரியாக வந்தது, '100 வீதம்' என்று எழுதிய இன்னொன்று உருகியது. அதை அந்தப் பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னேன், "எங்களுக்கு வர்ற துண்டில அப்பிடித்தான் அக்கா அடிச்சிருக்கு" என்றது. உண்மைதான், நாங்களும் அப்படித்தான் சொன்னோம். மறுகா, நீளமும் பாருங்கள். சாறி ஐந்தரை மீற்றர் இருக்க வேண்டும், பிளவுஸ் துண்டோடு என்றால் ஆறு மீற்றருக்கு மேல் வரவேண்டும். வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், துண்டில் பத்து சென்டிமீற்றரைக் கள்ளமாகக் குறைத்த சாறிகள் கிழமைக்கு ஒன்றாவது என் மேசைக்கு வருகின்றன.

எனக்குப் பெரிய ஏமாற்றம் மருதமுனைச் சாறி. கடையிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில், அம்பாறை மாவட்டத்துக்குள், நெசவுக்குப் பேர்போன ஊர். 2004 சுனாமியில் வீட்டோடு தறியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப எழும்பியவர்கள். எங்கள் காலத்தில் அவர்களுடைய சாறிக்கு ஒரு முழு இறாக்கை இருந்தது, வாத்திமார் ரீச்சர்மார் தவணை தொடங்கும் கிழமையில் வந்து நான்கைந்தாக எடுப்பார்கள், கொட்டன் என்பதால் எங்கள் வெக்கைக்கு உடம்போடு ஒட்டாது. இப்போது கேட்டால் கீழ் இறாக்கையில் குனிந்து ஆறே ஆறு எடுத்துக் காட்டினார்கள். மடிப்பு ஓரத்தில் தூசி. மாமிக்கு அதில்தான் ஒன்று எடுத்தேன், அன்று வாங்கியவற்றில் நல்லது அதுதான்.

சரி, வேலை செய்த காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றி எழுத எனக்கு வராது.

நான் நாவற்குடாவில் இருந்து வருவேன். அப்போது கல்லடியில் பழைய பாலம் மட்டும்தான், 1924இல் கட்டிய லேடி மனிங் பாலம். ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மற்றப் பக்கம் காத்துக்கிடக்க வேண்டும். எட்டரைக்குக் கையெழுத்து, பத்து நிமிடம் பிந்தினால் அரைநாள் சம்பளம் வெட்டு. பஸ் பாலத்தடியில் நிற்கும்போது வாவியைப் பார்த்து ரசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். 2013 மார்ச்சில் ஜப்பான் காசில் புதுப் பாலம் திறந்தார்கள். எல்லாரும் அதை அபிவிருத்தி என்றார்கள், எனக்கு அது மாதத்தில் இரண்டு அரைநாள் சம்பளம்.

வாடிக்கையாளர் வரவு முழுக்க வேளாண்மையோடு ஒட்டியது. பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வந்தால் மாசி பங்குனியில் படுவான்கரையே கடைக்குள் நிற்கும். குடும்பமாக வருவார்கள், தாத்தா முதல் தொட்டில் பிள்ளை வரைக்கும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்கள் மண்முனைத் துறையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் வாவியைக் கடந்து வரவேண்டியிருந்த காலம், பாலம் 2014இல்தான் வந்தது. அதனால் நான்கு மணியானால் அவர்களுக்குக் கால் தரிக்காது. முப்பது சாறியை விரிக்கச் சொல்லி, ஒன்றிலும் மனம் வராமல் இருந்துவிட்டு, பாதை போய்விடும் என்று யாராவது சத்தம் போட்டவுடன் முதல் விரித்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். நான்கு வருடம் பார்த்ததில் முக்கால்வாசிப் பேர் முதல் மூன்றில் ஒன்றைத்தான் எடுத்தார்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், என்னிடம் கணக்கேடு இல்லை. போன சனிக்கிழமை நானும் இரண்டாவதாக விரித்ததைத்தான் எடுத்தேன், வெட்கமாகத்தான் இருந்தது.

2011 ஜனவரி மறக்காது. பொங்கலுக்கென்று கடை நிறையச் சரக்கு இறக்கி வைத்திருந்தோம். பொங்கலுக்கு முந்திய கிழமை அடைமழை, மாவட்டமே வெள்ளம். கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வரப்போகிறதென்று நாங்கள் பெண்பிள்ளைகள் வரிசையாகப் படியில் நின்று கைமாற்றிக் கைமாற்றி சேட்டுக் கட்டுகளை மேலே ஏற்றினோம். வந்த ஆட்களும் பொங்கல் புதுசுக்கு வரவில்லை, முகாமில் மாற்ற உடுப்பில்லாமல் இருப்பவர்களுக்கு நைட்டியும் சாரமும் உள்ளாடையும் மொத்தமாக வாங்க வந்தார்கள். அந்தப் போகம் வயலோடு அழுகிப்போனது. மாசியில் கடைக்குள் ஆளே இல்லை. ஆளில்லாத கடையில் நிற்பதுதான் கூடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வேலை இருந்தால் கால் வலி பிறகுதான் தெரியும்.

ஏனென்றால் இருக்க இடமில்லை. காலை எட்டரையில் இருந்து இரவு ஏழரை வரை, சாப்பாட்டுக்கு அரைமணி, மற்றபடி நிலை. தீபாவளிக் காலமென்றால் பத்து மணி. ஆள் இல்லாவிட்டாலும் இருக்கக்கூடாது, கமராவில் மனேஜர் பார்ப்பார், இன்டர்கொம் அடிக்கும். சாறிக் கட்டு இறக்குகிற சாட்டில் கீழே குந்தி, கட்டின்மேல் ஒரு நிமிடம் இருந்து எழும்புவோம், ஒருத்தி இருக்கும்போது மற்றவள் முன்னால் மறைத்து நிற்பாள். கடை, அலுவலக ஊழியருக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று இருக்கிறது என்பதை வேலையை விட்ட பிறகுதான் அறிந்தேன். தொடக்கச் சம்பளம் 7,500. தனியார் துறைக்குக் குறைந்தபட்சம் 10,000 என்ற சட்டம் வந்ததே 2016இல்தான். ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, எனக்கு இரண்டாம் வருடம்தான் கட்டத் தொடங்கினார்கள். நமது சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், அவர்கள் 12 வீதம் போடவேண்டும், அதோடு ஈரிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். முதல் வருடத்து 12 எங்கே என்று கேட்டபோது 'பயிற்சிக் காலம்' என்றார்கள். அப்படி ஒரு விதிவிலக்கு சட்டத்தில் இல்லை என்று தொழில் திணைக்களத்தில் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், இருபத்திரண்டு வயதில் யார் அங்கே போவது? கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்கள் ஈபிஎஃப்பை எடுத்துக்கொள்ளலாம், நானும் எடுத்தேன். இப்போது என் வீட்டில் ஓடுகிற தையல் மெஷின் அந்தக் காசு.

கேரளாவில் இதே துணிக்கடைப் பெண்கள்தான், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் நின்றவர்கள், இருக்கும் உரிமைக்காக வருடக்கணக்கில் போராடி 2018இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். 2021இல் தமிழ்நாட்டிலும் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் செய்தியை வாசித்த அன்று என்னோடு நின்ற நான்கு பேருக்கும் அனுப்பினேன். ஒருத்தி மட்டும் பதில் போட்டாள், "எனக்கு இப்ப நரம்பு முடிச்சு, சொக்ஸ் போட்டிருக்கன்" என்று.

எல்லாம் கசப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2012இல் முதலாளி எங்கள் ஐந்து பேரைக் கொள்வனவுக்கு உதவியாகக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார், இரவு ரயில். புறக்கோட்டையில் மொத்தக் கடைகளில் நாள் முழுக்க அலைந்துவிட்டு, கோட்டையில் யோர்க் வீதிப் பக்கம் நடந்தபோது அந்தச் சிவப்புச் செங்கல் கார்கில்ஸ் கட்டடத்தைப் பார்த்தோம். 1906இல் எழும்பிய கட்டடம், வியாபாரம் தொடங்கியது 1844இல். நமது ஊரில் ஃபுட் சிட்டி என்று பார்க்கிறோமே, அதே ஆட்கள். வெள்ளைக்காரத் துரைமாரும் துரைசாணிமாரும் உடுப்பிலிருந்து மருந்து வரைக்கும் வாங்கிய பெரிய கடை என்று முதலாளி விளக்கினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். எனக்கு வந்த கேள்வி, உள்ளே நின்றவர்களுக்குக் கதிரை இருந்ததா என்பதுதான். கேட்கவில்லை, முதலாளி அன்று நல்ல மனநிலையில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்துகொண்டிருந்தார்.

இப்போதைய கடைக்கு வருவோம். சாறிப் பகுதி மேசைக்கு உள்பக்கம் எட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது! சந்தோஷமாகப் போய்விட்டது. பிறகுதான் பார்த்தேன், அதன்மேல் ஷொப்பிங் பேக் கட்டு அடுக்கியிருந்தது. "இது இருக்கிறதுக்கா தங்கச்சி?" என்று கேட்டேன். "மேல் இறாக்கைக்கு ஏறுறதுக்கு அக்கா" என்றாள், சொல்லும்போதே கண் ஒருமுறை மூலையில் இருந்த கமராவுக்குப் போய் வந்தது.

இந்த ஒரு விஷயத்துக்காக நான் இரண்டு நட்சத்திரத்தை வெட்டுகிறேன். யாரும் நியாயமில்லை என்று சொல்லலாம், நீ வாங்கப் போனது சாறி, ஸ்டூல் இல்லையே என்று. ஆனால் வாங்குகிறவருக்கும் அதில் நட்டம் இருக்கிறது. ஐந்து மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள், காட்டச் சொன்னால் காட்டுவார்கள், முகத்தில் ஒன்றும் இருக்காது, நிறத்தைப் பற்றிக் கேட்டால் "எல்லாம் நல்லம்தான்" என்பார்கள். அது திமிர் என்று திட்டிவிட்டுப் போகிறவர்களை நான் நான்கு வருடம் பார்த்தேன். காலையில் பத்து மணிக்கு முன்பு போங்கள், அதே பிள்ளை உங்களுக்கு எந்தக் கரை எடுக்கும் எடுக்காது என்று தானாகவே சொல்லும்.

பில் போடும் இடம் வேகம். ஆனால் கார்ட்டில் கட்டினால் இரண்டரை வீதம் கூட வரும் என்றார்கள். அப்படி வாடிக்கையாளர் தலையில் போடக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறதே தம்பி என்றேன், உள்ளே போய் யாரையோ கேட்டு வந்து, சரி வேண்டாம் என்றார். கேட்டால் எடுக்கிறார்கள், கேட்காவிட்டால் போடுகிறார்கள். அம்மாவின் சாறியை மாற்ற செவ்வாய்க்கிழமை போனபோது முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள், இதற்கு முழு மார்க். பில்லை மட்டும் தொலைக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் கிடையாது, ரோட்டோரத்தில் விட்டுவிட்டு மனத்தை அங்கேயே வைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும்.

நான்கு சாறியும் தெரிவு செய்து முடியும்போது மேசையில் ஒரு இருபத்தைந்து விரிந்து கிடந்தது. அந்தப் பிள்ளை பில் எழுத உள்ளே போனதும் நான் என்னை அறியாமலே மடிக்கத் தொடங்கிவிட்டேன். முந்தானையை உள்ளே கொடுத்து, கரையைக் கரையோடு வைத்து, முழங்கையால் ஒரு நீவல், மூன்று மடிப்பு, அட்டைக்குள். கை மறக்கவில்லை. திரும்பி வந்த பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

"அக்கா எந்தக் கடையில நின்டீங்க?"

"இங்கதான். இதே மேசை."

அவள் கமராப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டாள். "அப்பவும் நமக்கு ரொயிலட் மூன்றாம் மாடியிலதானா?"

"ஓம். தண்ணி வராது."

"இப்ப வருது அக்கா" என்றாள். "பின்னேரம் மட்டும்."